சமன் ஒன்று

வெற்றி பதினொன்று, தோல்வி ஒன்பது, சமன் ஒன்று.
கல்லூரிப் பேரேட்டில் ஓரன் ஹேவர்காம்ப்புக்கு
இவ்வளவுதான் இடம்.
பக்கத்தில் யாரோ பென்சிலால்
'சேணக்காரன் மகன்' என்று கிறுக்கியிருக்கிறார்கள்;
ஏளனமோ அடையாளமோ, தெரியவில்லை.
தட்டச்சு செய்யும்போது அதை விட்டுவிடச் சொன்னார்கள்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று, அயோவா.
மக்காச்சோளம் அறுத்த கையோடு
அதே நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.
தாள்க்கட்டை குத்துகிறது என்று பையன்கள் முனக,
"குத்தினால் விழாதே" என்றார்.
அவருடைய பாடத்திட்டம் ஏறக்குறைய அவ்வளவே.

பெயரில்தான் கால் இருக்கிறது அந்தப் பந்தாட்டத்துக்கு;
மற்றபடி தோள், மண்டை, முழங்கை.
தலைக்கவசம் கிடையாது.
ஆகஸ்ட் முதலே முடிவெட்டக் கூடாதென்று உத்தரவு.
பதினொரு பரட்டைத் தலைகள்
தேவாலயத்தில் வரிசையாக உட்கார்ந்ததைப் பார்த்து
பாதிரியார் பிரசங்கத்தையே மாற்றினாராம்.

சம்பளம் பருவத்துக்கு முந்நூறு டாலர்,
திருமதி ஓல்ட்ஸனின் விடுதியில் மாடியறை,
காலையில் வேதியியல் கூடத்தில் குடுவை கழுவுவதும் சேர்த்து.
ஆள் குறைந்த ஒரு சனிக்கிழமை
மீசையை மழித்துவிட்டுத் தானே களத்தில் இறங்கினார்,
முப்பத்தொரு வயது முதலாண்டு மாணவனாக.
அந்த வெற்றியும் பதினொன்றில் சேர்த்தி.

கைப்பிடி அவர் யோசனை.
அப்பன் பட்டறை ஊசி, மெழுகு தடவிய நூல்,
ஒவ்வொரு கால்சட்டையின் இடுப்பிலும்
பெட்டிக்குத் தைப்பதுபோல் ஒரு தோல் பிடி.
முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் பற்றிக்கொள்ள,
ஆப்பாக ஒன்பது பேர் ஓடினால்
எதிரே இருப்பது ஆளா வேலியா என்று
பார்க்க நேரமிராது.
ஆப்பின் முனையில் எமில் ஹ்ரூஷ்கா,
ரொட்டிக் கடைக்காரர் மகன்.
குளித்துவிட்டு வந்தாலும் காதோரம் மாவு இருக்கும்.

நவம்பர். ஆறுக்கு ஆறு. கோட்டுக்கு நான்கு கஜம்.
ஆப்பு போனது.
எட்டுப் பேர் எழுந்தார்கள்;
எட்டில் ஒருவன் பாதிதான் எழுந்தான்,
அவன் கை இன்னும் எமிலின் பிடியில்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாற்று ஆள் உண்டா?
உண்டு. பதினேழு வயது.
அதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
ஹேவர்காம்ப் நடந்து போய்ப் பந்தை எடுத்தார்,
மேலங்கிக்குள் வைத்துப் பொத்தான் போட்டார்.
எட்டு மாதம், என்று வண்டியிலிருந்து எவனோ கத்தினான்;
சிரித்தார்கள்.
இரண்டு கல்லூரிக்கும் சேர்த்து வேறு பந்து இல்லை.
இருட்டியது. அதுதான் அந்தச் சமன்.

வீரம் என்று எழுதக் கை வருகிறது.
தைத்ததும் அவர்தானே.

அன்றிரவு பிடிகளையெல்லாம் அறுத்து அடுப்பில் போட்டார்.
விடுதி முழுக்கத் தோல் கருகிய வாடை,
திருமதி ஓல்ட்ஸன் வாடகையில் ஐம்பது சென்ட் கூட்டினார்.
அறங்காவலர்கள் கடிதம் எழுதினார்கள்:
நான்கே கஜம், ஐயா.
எமில் பிப்ரவரி வரை இருந்தான்.

அப்புறம் கான்சாஸில் ஒரு வருஷம், ஆரிகனில் ஒன்றரை,
பிறகு விதை வியாபாரம்.
தொள்ளாயிரத்து ஆறில் சட்டம் மாறியது,
பந்தை முன்னால் எறியலாம், காற்றில், யாரையும் இடிக்காமல்.
செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு
முற்றத்தில் கிடந்த டர்னிப் கிழங்கை
கூலியாள்மேல் வீசினாராம்.
"பிடி!" என்ற சத்தம் கேட்கும் முன்பே
கிழங்கு அவன் தொப்பியைத் தட்டிவிட்டது.
இரண்டாவதையும் வீசினார். அவன் பிடித்தான்.
இருட்டும் வரை வீசினார்கள் என்கிறது
பேத்தி எங்களுக்கு அனுப்பிய கடிதம்.

கடிதத்தோடு அவர் பெட்டியும் வந்தது.
பெட்டி கித்தான். கைப்பிடி மட்டும் தோல்,
வேறொன்றிலிருந்து அறுத்துத் தைத்தது, சேணக்காரன் தையல்.
மடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.
பூஞ்சை என்றுதான் பதிவேட்டில் எழுதினேன்.